சித்தப்பாவின் அடுப்புகள்

சக்கரம் வைத்த அடுப்பை நீங்கள் பார்த்ததுண்டா? நான் சமீபத்தில் பார்த்தேன். ஓசூரில் என் சித்தப்பா வீட்டு வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. இடுப்புயரம். மேலே பெட்டி மாதிரி ஒரு மூடி, கீழே இரண்டு கதவு, இரு பக்கமும் இறக்கை விரித்தாற்போல் இரண்டு தட்டு, காலுக்குப் பதிலாகச் சக்கரம்.

"என்ன சித்தப்பா, ஐஸ் வண்டி வாங்கிட்டீங்களா?" என்றேன்.

"நல்லாப் பாரு கண்ணு. இதுக்குப் பேரு கேஸ் கிரில். கோழி, சோளக்கதிர் எல்லாம் கம்பி மேலே போட்டு வாட்டற அடுப்பு. பெங்களூர்லே ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிநாடு போயிட்டார். காயலான் கடைக்கு வந்துடுச்சு. கடைக்காரர் எனக்குப் போன் பண்ணினார்."

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது: "அது வந்ததிலேருந்து வாசல்லே கோலம் போட இடமில்லே. அதையும் சொல்லுங்க!"

ஓய்வு பெற்ற மனிதர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சிலருக்கு உத்தியோகம் முடிந்ததும் பக்தி வருகிறது. சிலருக்குச் சர்க்கரை வருகிறது. என் சித்தப்பாவுக்கோ அடுப்பு வந்தது! ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு தலைமுடியின் கனம் கூடினாலும் குறைந்தாலும் "இது ஆகாது" என்று தள்ளிவிடுகிற உத்தியோகம். அந்தக் கையும் கண்ணும் சும்மா இருக்குமா? பழைய கேஸ் அடுப்புகளை எடைக்கு வாங்குகிறார். பிரித்துப் போட்டுத் துலக்குகிறார். கெட்டதை மாற்றுகிறார். பிறகு, வேண்டியவர்களுக்கு விற்கிறார்.

"லாபம் உண்டா, சித்தி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உண்டே! வருஷம் பூரா சேர்த்தா எனக்கு ஒரு தீபாவளிப் புடவை வாங்கலாம். முந்தானை மட்டும் பாக்கி நிக்கும்" என்றாள் சித்தி.

*

இந்த வேலைக்கு ஓசூரைப் போல வாய்ப்பான ஊர் கிடையாது என்பது சித்தப்பாவின் கட்சி. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். அந்தப் பக்கம் வீடு மாற்றுகிறவர்களும் சமையலறையைப் புதுப்பிக்கிறவர்களும் தினம் தினம் பழைய அடுப்பைக் கழித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் பிரஷர் குக்கரும் செய்கிற ஆலைகளை நம்பி வந்தவர்கள் தினம் தினம் புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறார்கள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு பாய். அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓர் அடுப்பு. ஆக, ஒரு வீட்டில் அணைந்த அடுப்பு நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து வேறொரு வீட்டில் எரிகிறது. இடையில் நிற்கிறவர்கள் காயலான் கடைக்காரரும் என் சித்தப்பாவும்.

அவருடைய கொட்டகைக்குள் போனால் நம் சமையலறைகளின் சரித்திரமே அலமாரியில் அடுக்கியிருக்கிறது. மேல் தட்டில், காற்றடித்துப் பற்ற வைக்கிற பித்தளை மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்வீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-ல் செய்த பிரைமஸ் அடுப்பின் வம்சத்தில் வந்தது. அதற்கு அடுத்த தட்டில் பழங்காலத்துக் கனமான கேஸ் அடுப்பு ஒன்று. 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனிதான் 'பர்ஷேன்' என்ற பெயரில் சமையல் கேஸை முதலில் கொண்டுவந்தது. 1965-ல் கல்கத்தாவில் இந்தேன் கேஸ் புறப்பட்டது. கேஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த கதையை உங்கள் மாமியாரைக் கேட்டால் சொல்வார்! கீழ்த் தட்டில், 2007 முதல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்த இரட்டை அடுப்பு மாதிரியானவை. தரையில், இன்றைய நாகரிகமான கண்ணாடி அடுப்புகள்.

"இதிலே எது உசத்தி, சித்தப்பா?"

"நீலமா எரியறது எதுவோ அது" என்றார்.

*

ஒரு பழைய அடுப்பு எப்படிப் புதிதாகிறது என்பதை அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நம் வீட்டிலும் உபயோகப்படுகிற சமாசாரம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பிரிப்பது. பித்தளை பர்னராக இருந்தால் புளி போட்ட வெந்நீரில் ஊறுகிறது. குத்துவிளக்கு துலக்குகிற அதே வைத்தியம்தான். அலுமினியம் கலந்த பர்னரை மட்டும் சோடா உப்பில் ஊறப் போடக் கூடாது, அரித்துவிடும் என்கிறார். பர்னரின் துவாரங்களை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறார்.

அடுத்தது ஜெட். பர்னருக்கு அடியில், சுண்டு விரல் நகம் அளவுக்குப் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். அதன் நடுவே ஓர் ஊசித் துவாரம். நாம் சமைக்கிற எல்லாக் கேஸும் அந்தத் துவாரம் வழியாகத்தான் வர வேண்டும். நம் வீட்டு அடுப்புகளில் அது ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அடைப்பு எடுக்கிறேன் என்று அதில் ஊசியை விட்டுக் குடைந்தால் துவாரம் பெரிதாகிவிடும். "சோப்புத் தண்ணியிலே ஊறப் போட்டு ஊதினாலே போதும். ஊசியைக் கொண்டுபோனே, போச்சு!" என்று சித்தப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டில் அந்த ஊசி எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது வாயைத் திறக்கவில்லை.

ஜெட்டிலிருந்து வேகமாகப் பாய்கிற கேஸ், பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு குழலுக்குள் போகிறது. இரண்டும் சரியாகக் கலந்தால் நீலச் சுடர். காற்று போதாவிட்டால் மஞ்சள் சுடர், கரி. அந்தக் காற்று வாசலில் கரப்பான் பூச்சி குடியிருந்தாலும் போதும், சுடர் மஞ்சளாகிவிடும். சக்கர அடுப்புக்குள்ளே சித்தப்பா கண்டெடுத்தது சிலந்திக் கூடு! இந்த மாதிரி கிரில்களுக்குச் சிலந்திதான் ஜன்ம விரோதியாம். அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் கிரில் வைத்திருக்கிறவர்கள், குளிர் காலம் முடிந்து அதைத் திறக்கும்போது முதலில் குழலுக்குள் சிலந்தி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். அந்த ஊரில் இந்தப் பழக்கம் பரவியதே ஒரு வேடிக்கைக் கதை. சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952-ல், தாம் வேலை பார்த்த இடத்தில் செய்துவந்த கடல் மிதவையை இரண்டாக வெட்டி, ஒன்றை அடுப்பாகவும் ஒன்றை மூடியாகவும் செய்தார். அது கரி அடுப்பு. கேஸ் கிரில் அப்புறம் வந்தது.

நம் சக்கர அடுப்பின் வார்ப்பிரும்புக் கம்பிகள் துருவேறிக் கிடந்தன. சித்தப்பா துருவைத் தேய்த்து எடுத்தார். பிறகு என்ன செய்வது என்று யோசித்தபோது சித்திதான் வழி சொன்னாளாம். "தோசைக்கல்லைப் பழக்கற மாதிரி பழக்குங்க. எண்ணெய் தடவிச் சூடு பண்ணுங்க, ஆற விடுங்க, மறுபடி தடவுங்க." மூன்று நாளில் கம்பிகள் கருகருவென்று மின்னின. டூல் ரூம் படிப்பில் இல்லாத பாடம்!

"துலக்கறது, பூசறது எல்லாம் பார்க்கறவங்களுக்கு. வாங்கறவங்க அதைத்தான் பார்ப்பாங்க. நான் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கு" என்றார் சித்தப்பா. குமிழைத் திருப்பினால் இறுகலாகத் திரும்ப வேண்டும். தேய்ந்துபோன வால்வு என்றால் ஈவு இரக்கம் கிடையாது, அடுப்பே காயலான் கடைக்குத் திரும்பிப் போய்விடும். ரப்பர் குழாயைப் பழையது என்று எடுத்து வைத்துக்கொள்வதே இல்லை. வெட்டி எறிந்துவிடுகிறார்.

கடைசியில் சோதனை. குமிழ்களை மூடி வைத்துவிட்டு ரெகுலேட்டரைத் திறக்கிறார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுகிறார். ஒரு குமிழி கிளம்பினாலும் கசிவு என்று அர்த்தம். நெருப்புக் குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கிற அபாயமான பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்!

அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. எந்த அடுப்பானாலும் சித்தி அதில் பால் காய்ச்சிக் காப்பி போட வேண்டும். பாத்திரத்தின் அடியில் கரி ஒட்டவில்லை என்று அவள் தலையை அசைத்தால்தான் அடுப்பு வாசல் தாண்டும். இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று கேட்டேன். சித்தப்பா எழுந்து, கையைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். சித்திதான் சொன்னாள்.

*

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி அடுப்பு வந்ததாம். ஒரு கீறல் இல்லை. துலக்குவதற்கே அதிகம் வேலையில்லை. அன்றைக்கென்று பார்த்து வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சமயம் நான்கு பெண்கள் வந்தார்கள். தெற்கத்திப் பெண்கள். ஆலையில் வேலை கிடைத்து அறை எடுத்திருந்தார்கள். அன்று இரவே சமைக்க வேண்டும், ஹோட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். புதிது மாதிரி இருக்கிறதே, இதைப் பற்ற வைத்து வேறு பார்க்க வேண்டுமா என்று சித்தப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இரவு ஒன்பது மணிக்குப் போன். "ஐயா, அடுப்பு ரொம்ப நல்லா எரியுது. பெரிசா எரியுது. குழம்பு சீக்கிரமே கொதிச்சிருச்சு. ஆனா பாத்திரமெல்லாம் கரியாயிருச்சு. எதைப் போட்டுத் தேய்க்கணும்?"

"முதல்லே அடுப்பை அணை தாயி! ரெகுலேட்டரை மூடு! கதவைத் திறந்து வை!" என்று கத்திவிட்டு, சட்டையை மாட்டாமலே மொபெட்டை எடுத்தாராம். சித்தி பின்னாலேயே ஓடிச் சட்டையைக் கையில் கொடுத்தாளாம்.

அங்கே ஒரே ஓர் அறை. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே கொடி கட்டி நாலு துப்பட்டா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பற்ற வைத்துப் பார்த்தார். பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் சுடர் மேலே ஏறிற்று. அந்தக் கொடிக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அப்படிக் காற்று போதாமல் எரிகிற கேஸ், மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு என்கிற விஷவாயுவைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

காரணம் வீட்டுக்கு வந்து ஜெட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பெங்களூரில் பல வீடுகளுக்குக் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. அது வேறு, நம் சிலிண்டர் கேஸ் வேறு. ஒரே அளவு எடுத்துக்கொண்டால் சிலிண்டர் கேஸில் உஷ்ணம் இரண்டு மடங்குக்கும் மேலே. அதனால் குழாய் கேஸுக்கு மாறும்போது அடுப்பில் பெரிய துவாரமுள்ள ஜெட்டைப் போடுவார்கள். அங்கே அது சரி. அதே அடுப்பு எல்லை தாண்டி வந்து சிலிண்டரோடு சேர்ந்தால்? நான்கு பெண்களின் அறையில் எரிந்தது அதுதான்.

"அன்னிக்கு ராத்திரி இவர் சாப்பிடலே. தலைமுடி கனத்துக்குச் சண்டை போட்டவன் ஒரு துவாரத்தைப் பார்க்காம விட்டுட்டேனேன்னு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்" என்றாள் சித்தி.

மறுநாள் சரியான ஜெட் வாங்கிப் போட்டு, ஒரு மணி நேரம் எரிய விட்டுப் பார்த்து, அந்தப் பெண்களிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடியை எதிர்ச் சுவரில் கட்டிவிட்டு வந்தார். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த அடுப்பு, எங்கிருந்து வந்தது, ஜெட் அளவு என்ன, யாருக்குப் போயிற்று, எல்லாம் அதில் உண்டு. கடைசிக் கட்டத்தில் சித்தியின் கையெழுத்து!

*

நான் போயிருந்த அன்று இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் அடுக்குமாடி வீட்டுக்காரர். சக்கர அடுப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சித்தப்பா சொன்ன விலைக்கு மறுபேச்சே பேசவில்லை.

"எங்கே வைக்கப் போறீங்க, சார்?"

"பால்கனியிலேதான். கண்ணாடி போட்டு மூடியிருக்கோம். மழை வந்தாலும் பயமில்லே."

"அப்போ இது உங்களுக்கு வேண்டாம் சார். இது ஆகாசத்துக்குக் கீழே எரியற அடுப்பு. மூடின இடத்திலே வைக்கக் கூடாது" என்றார் சித்தப்பா. அவர் விலையை ஏற்றினார். சித்தப்பா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் கேட்டிருக்கிறாராம். அவர் வரும்வரை கோலத்துக்கு இடமில்லை.

இரண்டாவதாக வந்தவள் முப்பது வயதுப் பெண். கூடவே பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி. சிப்காட் பக்கம் காலையில் இட்லிக் கடை போடப் போகிறாளாம். கையிலிருந்த பணத்தை மடித்து மடித்துச் சின்னதாக வைத்திருந்தாள். அவள் கண் போனது பளபளக்கும் கண்ணாடி அடுப்பின் மேல்.

"அது வேண்டாம்மா. பெரிய இட்லிப் பானையை அதுமேலே வச்சு, தண்ணி சிந்தினா கண்ணாடி தாங்காது" என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்து ஓர் இரும்புச் சட்டம் போட்ட ஒற்றை அடுப்பை இழுத்தார். கனமான வார்ப்பிரும்பு பர்னர். அழகு என்று சொல்ல முடியாது. அவள் முகம் வாடிவிட்டது.

"பார்க்க நல்லாயில்லியே, ஐயா. நாலு பேர் பார்க்கற இடம்…"

சித்தி வாசற்படியிலிருந்து சொன்னாள்: "நாலு பேர் இட்லியைப் பார்ப்பாங்கம்மா. அடுப்பை யார் பார்க்கறா?"

அவள் சிரித்துவிட்டாள். சித்தப்பா விடவில்லை. "சிலிண்டர்?" என்றார். வீட்டுச் சிலிண்டரையே கொண்டுவந்து வைத்துக்கொள்வதாக உத்தேசம். அது சட்டப்படி கூடாது என்று அவர் எடுத்துச் சொன்னார். கடைக்கு 19 கிலோ சிலிண்டர்தான். முதலிலேயே அவ்வளவு பணம் போட முடியாது என்றால், எண்ணெய்க் கம்பெனிகள் 2013 முதல் விற்கிற 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்றுகூட வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

அடுப்பைப் பற்ற வைத்தார். நீலப் பூ மாதிரி வட்டமாகச் சுடர் விரிந்தது. சிறுமி "அம்மா, பூ!" என்றாள். சித்தி பால் காய்ச்சினாள். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடி வெள்ளையாக இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது சித்தப்பா அதிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்து, "புது ரப்பர் குழாய்க்கு வச்சுக்கோ. இதை மிச்சம் பண்ணிடாதே" என்றார்.

தீபாவளிப் புடவையின் முந்தானை எங்கே போயிற்று என்று எனக்குப் புரிந்தது!

*

சகோதரிகளே, பழைய அடுப்பு வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. நல்ல அடுப்பு நல்ல கைக்குப் போவது நல்லதுதான். ஆனால் வாங்குமுன் நாலு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? குமிழ் தொளதொளவென்று சுற்றாமல் இறுகலாகத் திரும்புகிறதா? எந்த வீட்டிலிருந்து வந்தது, சிலிண்டரில் எரிந்ததா, குழாய் கேஸில் எரிந்ததா? உங்கள் கண் முன்னால் பற்ற வைத்துக் காட்டுகிறார்களா? சுடர் நீலமாக இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வீட்டில் சிலிண்டர் கீழேயும் அடுப்பு மேடையின் மேலேயும் இருக்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். வாசனை வந்தால் விளக்கு ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நான் புறப்படும்போது சித்தி சக்கர அடுப்பில் கத்தரிக்காய் சுட்டு, துவையல் அரைத்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அதற்கும் சோதனை வேண்டாமா? நோட்டுப் புத்தகத்தில் காப்பிக்குப் பதில் 'கத்தரிக்காய், சரி' என்று எழுதியிருந்தாள்.

சித்தப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். "உன் வீட்டு ரப்பர் குழாய் எத்தனை வருஷம் ஆச்சு, கண்ணு?" என்று கேட்டார். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். மேலேயே தேதி அச்சிட்டிருக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அடுப்படியில் குனிந்து அந்தத் தேதியைப் படித்தேன். என்ன வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டேன்!